முக்காடு வேறு, சிறை வேறு: பேகம் ரொக்கேயாவின் வாழ்க்கை

ஒரு பெண் தலையை மூடுவது வேறு. அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவை மூடுவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊருக்கு உணர்த்தவே தன் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் பேகம் ரொக்கேயா.

அவர் புர்கா அணிந்தவர். ஐந்து வேளைத் தொழுகையையும் குர்ஆனையும் மதித்தவர். ஆனால் அந்தக் குர்ஆனின் பெயரைச் சொல்லிப் பெண்களை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைத்தபோது, அதை எதிர்த்துப் பேனா பிடித்தார். பள்ளிக்கூடம் திறந்தார். வீடு வீடாகப் போய்ப் பெண் குழந்தைகளைப் படிக்க அனுப்பும்படி கெஞ்சினார். வசவுகளையும் வாங்கிக்கொண்டார்.

நம் ஊரில் 'ருக்கையா' என்று வைக்கிற பெயரைத்தான் வங்காளத்தில் 'ரொக்கேயா' என்று சொல்கிறார்கள். கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியைத் தொடங்கியவர், ஒரு நாள்கூட ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர் அல்ல!

பெண்களைக் கண்டும் ஒளிந்த குழந்தை

ரொக்கேயா பிறந்தது 1880-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி. ஊர், ரங்க்பூர் மாவட்டத்தில் உள்ள பைராபந்து. அப்போது அது பிரிட்டிஷ் இந்தியாவின் வங்காள மாகாணம். இன்று வங்காளதேசம்.

தந்தை பெரிய ஜமீன்தார். அரபு, பாரசீகம் முதலிய மொழிகளில் தேர்ந்தவர். மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்லூரியில் படிக்க வைத்தார். மகள்களுக்கோ குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும் என்று நினைத்தார். வீட்டில் கோஷா முறை மிகக் கடுமை.

'கோஷா' என்ற சொல் தமிழர்களுக்குப் புதிது அல்ல. ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் மறைந்து வாழும் வழக்கம் அது. சென்னை திருவல்லிக்கேணியில், அப்படிப்பட்ட பெண்கள் வைத்தியம் செய்துகொள்வதற்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரியை 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் ஜனங்கள் அழைத்தார்கள்.

பைராபந்து மாளிகையில் இது ஒரு படி மேலே போய்விட்டது. ஆண்கள் மட்டும் அல்ல, பழக்கம் இல்லாத பெண்கள் கண்ணில்கூடப் படக்கூடாது என்பது அங்கே சட்டம். ஐந்து வயதில் இருந்தே ரொக்கேயாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தியது. வெளியூர்ப் பெண்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், அவர் ஓடி ஒளிய வேண்டும். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே!

ஒரு சமயம் பீகாரில் இருந்து விருந்தாளிகளோடு இரண்டு வேலைக்காரிகள் வந்தார்கள். அவர்கள் வீடு முழுவதும் தாராளமாக நடமாடினார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்க, வீட்டுச் சொந்தக்காரரின் மகளான ரொக்கேயா மாடியில் உள்ள ஒரு சின்ன அறையில் பகல் முழுவதும் பதுங்கிக் கிடந்தார். பல வேளை பட்டினி. வீட்டில் இருந்த ஒரு சிறுவன் நினைவு வந்தால் பால் கொண்டுவந்து கொடுப்பான். அவன் விளையாட்டில் மறந்துபோனால் அதுவும் இல்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிப்பு

அந்த வீட்டில் பெண்கள் வங்காளி படிப்பது குற்றம். மேல்குடி முஸ்லிம்களின் மொழி உருது, பாரசீகம். வங்காளி சாமானியர்களின் மொழி என்பது அக்கால எண்ணம். ரொக்கேயாவின் அக்காள் கரீமுன்னிசா வங்காளிப் புத்தகம் படிப்பது தெரிந்ததும், அந்தப் படிப்பு நிறுத்தப்பட்டது. அவரைச் சிறு வயதிலேயே கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆனாலும் அந்த அக்காள்தான் தங்கைக்கு வங்காளி எழுத்தை ஊட்டினார். ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் அண்ணன் இப்ராகிம் சாபர். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அண்ணனும் தங்கையும் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து உட்காருவார்கள். யாருக்கும் தெரியாமல் பாடம் நடக்கும். பிற்காலத்தில் ரொக்கேயா எழுதிய 'பத்மராக்' என்ற நாவலை இந்த அண்ணனுக்குத்தான் காணிக்கை ஆக்கினார்.

பாகல்பூர் மருமகள்

18 வயது நிறையும் முன்பே ரொக்கேயாவுக்குத் திருமணம் ஆயிற்று. மாப்பிள்ளை சையது சகாவத் உசேன். பீகாரில் உள்ள பாகல்பூர்க்காரர். டெபுடி மாஜிஸ்திரேட்டு உத்தியோகம். இங்கிலாந்து போய்ப் படித்து வந்தவர். மனைவியை இழந்தவர், வயதிலும் மிகவும் மூத்தவர். முதல் தாரத்தின் மகளும் இருந்தாள்.

இப்படிப்பட்ட கல்யாணம் என்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அதோடு முடிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நடந்தது நேர்மாறு. சகாவத் உசேன் மனைவியின் அறிவைக் கண்டு பெருமைப்பட்டார். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற உதவினார். எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தார்.

பாகல்பூர் வீட்டில் உருதுதான் பேச்சு. சுற்றிலும் வங்காளி பேச ஆள் இல்லை. ஏறக்குறைய 14 ஆண்டுகள் அந்த ஊரில் இருந்தும் ரொக்கேயா தாய்மொழியை விட்டுவிடவில்லை. அக்காள் கொடுத்த ஊக்கத்தால்தான் வங்காளியை மறக்காமல் இருந்ததாக அவர் நன்றியோடு எழுதி இருக்கிறார். பிழைப்புக்காக வேற்று மொழி நாட்டில் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் சில மாதங்களிலேயே இறந்துவிட்டன.

சென்னைப் பத்திரிகையில் வந்த கதை

1905-ம் ஆண்டில் ஒரு நாள், கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். பொழுது போகவேண்டுமே என்று ரொக்கேயா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். தலைப்பு, 'சுல்தானாவின் கனவு'.

அந்தக் கதையில் வரும் நாட்டில் எல்லாம் தலைகீழ். ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள். பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கின்றன. மேகத்தில் இருந்து நேராகத் தண்ணீர் இறக்குகின்றன. ஆகாயத்தில் வண்டி பறக்கிறது. எதிரி படை எடுத்து வந்தபோது, சூரிய வெப்பத்தை அதன்மேல் திருப்பிவிட்டு விரட்டுகிறார்கள்.

ஊர் திரும்பிய கணவர், நின்றபடியே கதை முழுவதையும் படித்து முடித்தார். ஆண்கள்மேல் பயங்கரமாகப் பழி வாங்கிவிட்டாய் என்று வேடிக்கையாகப் பாராட்டினார்.

இந்தக் கதையை முதலில் வெளியிட்டது, சென்னையில் இருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகை. வங்காளப் பெண்ணின் கனவுக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகை இடம் கொடுத்தது. இன்று உலகத்தின் பல மொழிகளில் அந்தக் கதை இருக்கிறது. 2024-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் 'உலக நினைவகம்' பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

ஐந்து மாணவிகள்

நீரிழிவு நோய் சகாவத் உசேனின் கண்பார்வையைப் பறித்தது. 1909-ம் ஆண்டு மே 3-ந்தேதி அவர் காலமானார். ரொக்கேயாவுக்கு அப்போது வயது 28.

பெண்கள் பள்ளி நடத்துவதற்காக 10 ஆயிரம் ரூபாயைக் கணவர் ஒதுக்கி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. இத்தாக் காலம் முடிந்த கையோடு, அக்டோபர் 1-ந்தேதி பாகல்பூரில் 'சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி' ஆரம்பம் ஆயிற்று. மாணவிகள் ஐந்தே பேர்.

குடும்பத்தில் சொத்துத் தகராறு கிளம்பியது. மூத்த தாரத்து மகள் பக்கத்தில் இருந்து தொல்லை. ரொக்கேயா பாகல்பூரை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். 1911-ம் ஆண்டு மார்ச் 16-ந்தேதி வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில் பள்ளியை மீண்டும் தொடங்கினார். இந்தத் தடவை மாணவிகள் எட்டுப் பேர்.

பள்ளிக்கூடம் என்பது எப்படி நடக்கும் என்றே அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்து, வகுப்பு எடுப்பதைக் கவனித்துத் தெரிந்துகொண்டார். பிறகு தன் பள்ளிக்கு வந்து அதைச் செய்தார்.

மார்க்கம் சொல்வது என்ன?

ரொக்கேயாவின் போராட்டத்தைப் புரிந்துகொள்ள, இஸ்லாமியச் சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும்.

குர்ஆனின் 24-வது அத்தியாயத்தில் 30, 31 வசனங்கள் இதைப் பேசுகின்றன. முதல் கட்டளை ஆண்களுக்குத்தான்: பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவேண்டும், கற்பைக் காக்கவேண்டும் என்பது. அடுத்து பெண்களுக்கும் அதே கட்டளை. அதோடு மேலாக்கை மார்பின்மேல் இழுத்துப் போடவேண்டும் என்கிறது. 33-வது அத்தியாயம் 59-வது வசனம், வெளியே போகும்போது மேலங்கியைப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறது.

'ஹிஜாப்' என்ற அரபுச் சொல்லுக்குத் திரை என்று பொருள். அதே 33-வது அத்தியாயத்தில் அந்தச் சொல் நபிகள் நாயகத்தின் மனைவியரைப் பற்றிய இடத்தில் வருகிறது. அவர்களிடம் எதையாவது கேட்கும் ஆண்கள் திரைக்கு அப்பால் இருந்து கேட்கவேண்டும் என்பதற்காக. தலைத் துணிக்கு அந்தப் பெயர் வழங்கியது பிற்காலத்தில்தான்.

முகத்தையும் மூடவேண்டுமா என்பதில் சட்ட அறிஞர்கள் இடையே கருத்து வேற்றுமை உண்டு. முகமும் கைகளும் தெரியலாம் என்றார்கள் பலர். முகத்தையும் மறைக்கவேண்டும் என்றார்கள் வேறு சிலர். ஆனால் ஹஜ்ஜின்போது இஹ்ராம் நிலையில் உள்ள பெண் முகத்திரை அணியக்கூடாது என்பது சட்டம். ஆண்களும் பெண்களும் ஒரே நேரத்தில் கஅபாவைச் சுற்றி வருகிறார்கள்.

நாயகத்தின் முதல் மனைவி கதீஜா வியாபாரம் செய்தவர். ஆயிஷாவிடம் மார்க்க விஷயங்களைக் கேட்டு அறிந்தவர்கள் ஏராளம். பெண்கள் பள்ளிவாசலுக்கு வந்து தொழுதார்கள். ஆகவே, பெண்ணை அறைக்குள் பூட்டு என்ற சட்டம் எங்கே இருக்கிறது?

ரொக்கேயா கேட்டது இந்தக் கேள்வியைத்தான். 'புர்கா' என்ற தலைப்பிலேயே அவர் 1904-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் புர்காவை அவர் தாக்கவில்லை. உடம்பை மூடுவது நாகரிகம்தான் என்றார். முன்னேற்றத்துக்குத் தடை புர்கா அல்ல, படிப்பு இல்லாமைதான் என்றார். பெண்ணைக் கண்டு பெண் ஒளிவது போன்ற அதிகப்படிகளைக் கழித்துவிடவேண்டும் என்றார். பர்தா வேறு, 'அவரோத்' என்னும் அடைப்பு வேறு என்பது அவர் கட்சி.

இன்னொரு கட்டுரையில் சொத்துரிமையைத் தொட்டார். மகனுக்குக் கிடைப்பதில் பாதிப் பங்கு மகளுக்கு உண்டு என்பது இஸ்லாமியச் சட்டம். அப்படியானால் மகனுக்கு நான்கு ஆசிரியர் வைக்கும் தகப்பன், மகளுக்கு இரண்டு ஆசிரியராவது வைக்கிறானா? பாசத்திலும் படிப்பிலும் அந்தப் பாதியாவது அவளுக்குக் கிடைக்கிறதா? இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டில் அவர் ஒரு படி கடந்தும் போனார். ஆண்களே மத நூல்களை எழுதி, அவற்றைக் காட்டிப் பெண்களை அடக்கி வைத்தார்கள் என்ற கருத்தை ஒரு கட்டுரையில் எழுதினார். பெரும் கண்டனம் எழுந்தது. கட்டுரை 'மோத்திச்சூர்' என்ற புத்தகத்தில் சேர்ந்தபோது, அந்தப் பகுதி இல்லை. நீக்கப்பட்டுவிட்டது. பள்ளி தொடங்கிய பிறகு, மார்க்கத்தை எடுத்துக் காட்டியே வழக்கத்தை எதிர்ப்பது அவர் வழி ஆயிற்று.

பஸ் போட்ட பாடு

பள்ளிக்குப் பெண்கள் வரவேண்டுமானால், வெளியார் பார்வை படாமல் வந்து போக ஏற்பாடு வேண்டும். பெற்றோரின் முதல் நிபந்தனை அதுதான். ஆகவே பள்ளிக்கு ஒரு மோட்டார் பஸ் வந்தது. நாலு பக்கமும் அடைப்பு. காற்றுக்குச் சின்ன வலைக் கம்பி மட்டும். உள்ளே கும்மிருட்டு.

முதல் நாளே சில சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். சிலர் இருட்டைக் கண்டு அழுதார்கள். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இது நகரும் இருட்டறை என்று சொல்லிவிட்டார். குழந்தைகளை இப்படி வதைக்கலாமா என்று தாய்மார்கள் கோபித்துக்கொண்டார்கள்.

அடைப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துணித் திரை கட்டினார் ரொக்கேயா. பஸ் ஓடும்போது காற்றில் திரை அசையுமா, அசையாதா? அசைந்தது. உடனே வேறு பக்கத்தில் இருந்து கடிதங்கள் வந்தன. திரை பறக்கிறது, பர்தா போயிற்று, உடனே சரி செய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதி மாணவிகள் வருவதை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டல்.

மூடினால் மூச்சு முட்டுகிறது. திறந்தால் ஊர் பேசுகிறது. ரொக்கேயா என்ன செய்வார்?

அவருடைய வாழ்க்கை முழுவதுமே அந்தப் பஸ்ஸைப் போலத்தான் இருந்தது. பள்ளிக்காக அவர் பல நிபந்தனைகளுக்குத் தலை வணங்கினார். தானும் கடைசி வரை பர்தாவைக் கைவிடவில்லை. இது பயந்தாங்கொள்ளித்தனம் என்று குறை சொல்பவர்களும் உண்டு. ஆனால் திரையை எடுத்திருந்தால் அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு மாணவியும் இருந்திருக்க மாட்டாள். படிப்பு என்ற ஒன்றைக் காப்பாற்ற, துணி விஷயத்தில் அவர் விட்டுக் கொடுத்தார்.

பள்ளி வளர்ந்தது. 1915-ல் மாணவிகள் தொகை 80-ஐத் தாண்டியது. 1930-ஐ ஒட்டி அது உயர்நிலைப்பள்ளி ஆயிற்று. நடுவில் 1916-ல் 'அஞ்சுமன்-இ-கவாத்தீன்-இ-இஸ்லாம்' என்ற மாதர் சங்கத்தையும் தொடங்கினார். விதவைகளுக்கு உதவி, ஏழைப் பெண்களுக்குத் தொழில், சேரிகளில் எழுத்தறிவு எல்லாம் அந்தச் சங்கத்தின் வேலை.

47 சம்பவங்கள்

1931-ல் ரொக்கேயாவின் 'அவரோத்வாசினி' என்ற நூல் வெளிவந்தது. அடைபட்டு வாழும் பெண்கள் என்று அதற்குப் பொருள். கோஷாவின் பெயரால் நடந்த 47 சம்பவங்கள். இந்துக் குடும்பங்களில் நடந்தவையும் அவற்றில் உண்டு. சிரிப்பு வருவது போலத் தொடங்கும். நெஞ்சை அடைக்கும்படி முடியும்.

ஒரு வீட்டில் தீப்பிடித்தது. வீட்டுக்காரி நகைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முற்றத்தில் அந்நிய ஆண்கள் நின்று தீயை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாதே என்று திரும்ப உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே கருகி இறந்தாள்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெண்கள் கூட்டம் ஒன்று கல்கத்தாவில் ரெயிலுக்குக் காத்திருந்தது. எல்லோரையும் பிளாட்பாரத்தில் உட்காரவைத்து, மேலே கனத்த ஜமுக்காளத்தைப் போர்த்திவிட்டார்கள். அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார ரெயில்வே ஊழியர், யாரோ போட்டுவிட்டுப் போன மூட்டை என்று நினைத்துக் காலால் உதைத்தார். அது மூட்டை அல்ல, பெண்கள் என்று சொன்ன பிறகும் மறுபடி உதைத்தார்.

மூன்றாவது சம்பவம், ரொக்கேயாவின் கணவருக்கு உறவான ஒரு பெண்மணிக்கு நடந்தது. பீகாரில் கியூல் ஜங்ஷனில் வண்டி மாறும்போது, புர்கா காலில் சிக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். கூட இருந்தது ஒரு வேலைக்காரி மட்டும். போர்ட்டர்கள் தூக்க ஓடி வந்தார்கள். எஜமானியைத் தொடக்கூடாது என்று வேலைக்காரி தடுத்துவிட்டாள். அவள் ஒருத்தியால் இழுத்துத் தூக்கவும் முடியவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு வண்டி புறப்பட்டது. நசுங்கிய அந்தப் பெண்மணி சில மணி நேரத்தில் உயிர் விட்டார்.

சுற்றிலும் ஜனங்கள். கை கொடுக்கப் பலர் தயார். ஆனாலும் ஓர் உயிர் போயிற்று. எந்த மார்க்கம் இதைக் கேட்டது? உயிர் ஆபத்து வந்தால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அந்த விதியை அந்த வேலைக்காரிக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. படிப்பு வேண்டும் என்று ரொக்கேயா ஏன் மன்றாடினார் என்பது இங்கேதான் விளங்குகிறது.

முற்றுப்பெறாத கட்டுரை

1932-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி இரவு. ரொக்கேயா ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு, 'பெண்ணின் உரிமை'. அது முடியவில்லை. 9-ந்தேதி விடியற்காலையில் மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. அன்று அவருக்குப் பிறந்தநாள். 52 வயது நிறைந்த நாள்.

கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் நடத்திய பள்ளியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கொல்கத்தா லார்டு சின்ஹா ரோட்டில் 'சகாவத் நினைவு அரசு மகளிர் உயர்நிலைப்பள்ளி' என்ற பெயரில் அது நடந்து வருகிறது. பள்ளிக்குத் தன் பெயரை வைக்காமல், படிக்க வைத்த கணவரின் பெயரையே அவர் வைத்தார். அந்தப் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. ரங்க்பூரில் 2008-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 2009-ல் ரொக்கேயாவின் பெயரைச் சூட்டினார்கள்.

தீராத வழக்கு

அவர் மறைந்து 90 ஆண்டுகள் ஆனபோதும் அந்த வழக்கு தீரவில்லை. 2022-ல் கர்நாடகத்தில், ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்குள் வரலாமா என்ற பிரச்சினை எழுந்தது. ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத கடமை அல்ல என்று மார்ச் 15-ந்தேதி ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சுப்ரீம் கோர்ட்டில் அக்டோபர் 13-ந்தேதி இரண்டு நீதிபதிகள் ஆளுக்கு ஒரு தீர்ப்பைச் சொன்னார்கள். அதே ஆண்டு ஈரானில், முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று போலீசார் பிடித்துச் சென்ற 22 வயதுப் பெண் காவலில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

ஓர் இடத்தில் அணிந்ததற்காகக் கதவடைப்பு. இன்னோர் இடத்தில் அணியாததற்காகக் கைது. இரண்டிலும் துணியைப் பற்றித்தான் பேச்சு. அதற்குள் இருக்கும் பெண்ணைப் பற்றி அல்ல.

ரொக்கேயா வைத்த அளவுகோல் எளிமையானது. பெண்ணின் தலையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாளா என்று பார்த்தார். ஐந்து பேர் வந்தார்கள். பிறகு எட்டுப் பேர் வந்தார்கள். இருட்டுப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டாவது வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களை எண்ணி முடியாது.